கடலடி மலைமேல் படிந்த பொருக்கின் வயதை எப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்?

கோபி_வாத்தியார் (கோபிசெட்டிபாளையம்):

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரை ஆயுட்காலம் (கதிரியக்கப் பொருள் சிதைந்து பாதியாகிற காலம்) நடத்தும்போதெல்லாம் கார்பன்-14, கீழடிக் கரித்துண்டு, அத்தோடு பாடம் முடிந்தது. இந்த வருடம் வேறு உதாரணம் வைக்கலாம் என்று தேடியபோது ஆழ்கடல் மலைகள்மேல் படிகிற இரும்பு-மாங்கனீஸ் பொருக்கு பற்றிய செய்தி கண்ணில் பட்டது. இந்தியப் பெருங்கடலின் நடுவில் அஃபனாசி நிகிதின் என்றொரு கடலடி மலை இருக்கிறது, அங்கே கோபால்ட் மிகுந்த பொருக்கை ஆய்வு செய்ய 2024 ஜனவரியில் இந்தியா சர்வதேச கடற்படுகை ஆணையத்திடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறது, மொத்தம் 3,000 சதுர கிலோமீட்டர். அந்தச் செய்திக்குக் கீழே ஒருவர் "10 லட்சம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும்" என்று எழுத, அடுத்தவர் "யாருப்பா உட்கார்ந்து அளந்தது?" என்று கேட்டிருந்தார். கிண்டல்தான், ஆனாலும் நியாயமான கேள்வி. என் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து இதைக் கேட்டால் என்ன பதில் சொல்வது? கார்பன்-14 இங்கே வேலைக்கு ஆகாது, 50,000 வருடத்தோடு அது ஓய்ந்துவிடும். அடியில் இருக்கிற எரிமலைப் பாறையின் வயதைக் கண்டுபிடித்து, பொருக்கின் தடிமனை அதால் வகுத்துவிடுகிறார்களா? படியூர்க்காரர் இருந்தால் கொஞ்சம் வாங்க.

படியூர்க்காரன் (காங்கேயம் பக்கம்):

வந்தாச்சுங்க சார். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பாறை வயதை வைத்து வகுக்கக் கூடாது. பசிபிக்கில் இருக்கிற கடலடி மலைகளில் பல, டைனோசர் காலத்தில் வெடித்து அணைந்த எரிமலைகள். அந்த பசால்ட்டின் வயதை ஆர்கான் முறையில் அளந்துவிடலாம். ஆனால் எரிமலை அணைந்த கையோடு பொருக்கு பிடிக்க ஆரம்பித்தது என்று யார் சொன்னது? மேலே பவளம் வளர்ந்து மூடியிருக்கலாம், சேறு கிடந்திருக்கலாம், சரிவு இடிந்து புதுப் பாறை பின்னால் வெளியே வந்திருக்கலாம். பாறையின் வயது நமக்குச் சொல்வது, பொருக்கு இதைவிடப் பழையதாக இருக்க முடியாது என்பதை மட்டும்தான்.

பொருக்கு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் கடிகாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் புரிந்துவிடும். இந்த மலைகளின் உச்சியையும் சரிவையும் நீரோட்டம் கழுவிக்கொண்டே இருப்பதால் அங்கே சேறு தங்குவதில்லை, பாறை வெற்றுப் பாறையாகவே கிடக்கிறது. கடல்நீரில் மிக மிகச் சொற்பமாக இருக்கிற மாங்கனீசும் இரும்பும் ஆக்சைடுத் துகளாக மாறி அந்தப் பாறைமேல் ஒட்டுகின்றன. வெந்நீர் ஊற்று எதுவும் வேண்டாம், சில்லென்ற கடல்நீரே போதும். 400 மீட்டர் ஆழம் தொடங்கி 7,000 மீட்டர் வரை இது இருக்கிறது, தடித்ததும் கோபால்ட் கூடியதும் பெரும்பாலும் 800 முதல் 2,500 மீட்டருக்குள். அதிகபட்சத் தடிமனே 25 சென்டிமீட்டர் சொச்சம்தான். துண்டைக் கையில் எடுத்தால் கருகருவென்று மேலே முண்டு முண்டாக இருக்கும், உள்ளே பாதிக்கு மேல் வெறும் துளை. ஒரு கிராம் பொருக்குக்குள் 300 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு மடிந்து கிடக்கிறது, நம் கணக்கில் ஏழு சென்ட் மனை. அதனால்தான் கடல்நீரில் போகிற வருகிற உலோகமெல்லாம் அதில் ஒட்டிக்கொள்கிறது. கோபால்ட், நிக்கல், பிளாட்டினம், டெல்லூரியம், அப்புறம் நமக்கு வேண்டிய பெரிலியம்.

பெரிலியம் இரண்டு ஐசோடோப்பாக, அதாவது தனிமம் ஒன்று, அணுவின் எடை மட்டும் வேறு, கடலுக்கு இரண்டு வழியில் வருகிறது. பெரிலியம்-9 பாறை தேய்ந்து ஆற்றோடு வருவது, சிதையாது. கொடுமணலில் அந்தக் காலத்தில் மணி செய்தார்களே பெரில் கல்லில், அதற்குள் இருப்பதும் இதே பெரிலியம்-9தான், கல்லுக்குப் பேர்போன ஊர்க்காரன் இதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. பெரிலியம்-10 வானத்திலிருந்து வருவது. காஸ்மிக் கதிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களை உடைக்கும்போது பிறந்து மழையோடு கடலில் விழுகிறது. இதன் அரை ஆயுட்காலம் 13.9 லட்சம் வருடம். வேதியியலில் இரண்டும் ஒரே ஆள் என்பதால் பொருக்கு பாரபட்சம் பார்க்காமல் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு 9 அப்படியே இருக்கும், 10 மட்டும் குறைந்துகொண்டே போகும். மேலிருந்து கீழே போகப் போக இந்த விகிதம் எவ்வளவு ஆழத்தில் பாதியாகிறது என்று பார்த்தால் வளர்ச்சி வேகம் கிடைத்துவிடும். யாரும் உட்கார்ந்து காவல் காக்க வேண்டியதில்லை.

மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு இன்னொரு கடிகாரமும் உண்டு, தோரியம்-230. யுரேனியம் கடல்நீரில் கரைந்தே நிற்கும், அது சிதைந்து பிறக்கிற தோரியம் கரைந்து நிற்காது, கிடைத்ததில் ஒட்டிக்கொள்ளும். அரை ஆயுள் 75,000 வருடச் சொச்சம், ஆகவே 4, 5 லட்சம் வருடத்துக்கு மேல் அதை நம்ப முடியாது.

பாய்லர்மணி (திருப்பூர்):

எனக்கு ஐசோடோப்பு தெரியாது, படிவு தெரியும். டையிங் யூனிட் பாய்லர் டியூபில் உப்புக் கட்டினதைச் சுரண்டியே பாதி ஆயுள் போயிருக்கிறது. பழைய டியூபை அறுத்துப் பார்த்தால் படிவு அடுக்கடுக்காகத் தெரியும், புதிதாக வேலைக்கு வந்தவன் தடிமனைப் பார்த்துவிட்டு "இத்தனை மாதமாகச் சுத்தம் பண்ணவில்லை" என்று அடித்துச் சொல்வான். அப்படிச் சொல்ல முடியாது. போர் தண்ணீர் ஓடின மாதம் ஒரு வேகம், சாஃப்ட்னர் ஒழுங்காக ஓடின மாதம் வேறு வேகம். அதைவிடப் பெரிய விஷயம், 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடினபோது பாய்லரெல்லாம் குளிர்ந்து கிடந்தது. அந்தக் காலம் படிவில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. கீழ் அடுக்குமேல் மேல் அடுக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் நாங்கள் கடன் வாங்கிச் சாப்பிட்ட காலம் ஒரு கோடாகக்கூடத் தெரியாது. ஆசிட் விட்டுக் கழுவியிருந்தால் இருந்த அடுக்கும் கரைந்து போயிருக்கும், அதுவும் தெரியாது. கடலுக்கடியில் இப்படியெல்லாம் நடக்காதா? வேகம் தெரிந்துவிட்டால் வயது தெரிந்துவிடுமா?

சென்னிமலையான்:

மணியண்ணன் கேட்டதுதான் கேள்வி. பதிலுக்கு நானும் காத்திருக்கிறேன்.

ஈரோடு_கெமிஸ்ட்ரி:

மணி, உங்கள் கேள்விக்குப் படியூர்க்காரர் வருவார், அதற்கு முன்னால் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிலியம்-10 ஒரு கோடி வருடம், மிஞ்சினால் 1.2 கோடி, அதோடு தீர்ந்தது. அதற்குக் கீழே அளப்பதற்கு அணு மிஞ்சாது. பொருக்கு 10 லட்சம் வருடத்துக்கு 2.5 மி.மீ. வளர்ந்தது என்று வையுங்கள், அப்படியானால் பெரிலியம் எட்டுவது மேல் 3 சென்டிமீட்டரை மட்டும்தான். துண்டு 10 செ.மீ. இருந்தால் மிச்சம் 7 செ.மீ.க்கு என்ன செய்வது? பல காலம் கோபால்ட்டை வைத்துத்தான் ஓட்டினார்கள்.

அதன் தத்துவம் எளிது. மாங்கனீஸ் ஆக்சைடின் பரப்பு எதிர்மின்சுமை கொண்டது, கரைந்து வருகிற கோபால்ட் அயனியை இழுத்து, இரண்டு பிளஸ்ஸிலிருந்து மூன்று பிளஸ்ஸாக ஆக்சிஜனேற்றம் செய்து பூட்டிவிடும், பிறகு அது வெளியே வராது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வந்து சேர்கிற கோபால்ட்டின் அளவு எப்போதும் ஒன்றேதான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பொருக்கு மெதுவாக வளர்ந்தால் கோபால்ட் செறிந்து நிற்கும், வேகமாக வளர்ந்தால் இரும்பும் மாங்கனீசும் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். ஆக, கோபால்ட் சதவீதத்தைப் பார்த்து வேகத்தைச் சொல்லிவிடலாம். 1988-இல் மான்ஹைம், லேன்-போஸ்ட்விக் இருவரும் கொடுத்த சூத்திரம் இது: 0.68-ஐ, கோபால்ட் சதவீதத்தின் 1.67-ஆம் அடுக்கால் வகுக்க வேண்டும், விடை 10 லட்சம் வருடத்துக்கு இத்தனை மி.மீ. என்று வரும். அதே 1988-இல் புட்டியானுஸ், ஹால்பாக் கொடுத்தது வேறு: 1.28-ஐ, கோபால்ட் சதவீதத்தில் 0.24 கழித்து வருவதால் வகுக்க வேண்டும்.

அரை சதவீதம் கோபால்ட் என்று போட்டுப் பாருங்கள். முதல் சூத்திரம் 2.16 மி.மீ. என்கிறது, இரண்டாவது 4.9 மி.மீ. என்கிறது. 10 செ.மீ. பொருக்குக்கு ஒன்றில் 4.6 கோடி வருடம், இன்னொன்றில் 2 கோடி வருடம். வேலையில் இருந்த காலத்தில் ரெக்கார்டு நோட்டில் எந்தப் பிள்ளையாவது இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்திருப்பேன். போதாக்குறைக்கு பசிபிக்கின் பழைய தடித்த பொருக்குகளில் கீழ் அடுக்குகளுக்குள் பின்னால் பாஸ்பேட் ஏறியிருக்கும், அது கோபால்ட் சதவீதத்தைக் குறைத்துவிடும், குறைந்தால் சூத்திரம் "வேகமாக வளர்ந்தது" என்று சொல்லும். திருத்தம் போட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள், இருந்தாலும் எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது.

பீளமேட்டுப்_பொடியன் (கோவை):

அப்போ எல்லாமே குத்துமதிப்புதானா டீச்சர்? ஸ்ட்ரான்சியம் இருக்கிறதே, கடல்நீரில் அதன் ஐசோடோப்பு விகிதம் காலத்தோடு எப்படி மாறியது என்று வளைகோடே போட்டு வைத்திருக்கிறார்கள். சிப்பி ஓட்டுக்கு அதை ஒப்பிட்டு வயது சொல்கிறார்கள். பொருக்கின் ஒவ்வொரு அடுக்கிலும் அளந்து அந்த வளைகோட்டோடு பொருத்திவிட்டால் முடிந்ததே?

படியூர்க்காரன்:

தம்பி, திசை சரி, தனிமம்தான் சரியில்லை. பொருக்கில் பாதிக்கு மேல் துளை என்று சொன்னேனே, அதற்குள் இன்றைய கடல்நீர் இருக்கிறது, அடியடுக்கில் இருக்கிற பழைய ஸ்ட்ரான்சியம் அதோடு பரிமாறிக்கொண்டே இருக்கும். மூன்று கோடி வருட அடுக்கை அளந்தாலும் நேற்றுப் படிந்தது போலக் காட்டும். யுரேனியம்-234-ம் இதே மாதிரி உள்ளுக்குள் நகர்ந்து ஏமாற்றும். அளக்க முடிகிறதா என்பதைவிட, வந்த பொருள் வந்த இடத்திலேயே இருந்ததா என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

இருந்த இடத்தை விட்டு நகராத ஒன்று கிடைத்தது, ஆஸ்மியம். மணியண்ணன் கேட்டதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

கடல்நீரில் ஆஸ்மியம்-187க்கும் ஆஸ்மியம்-188க்கும் உள்ள விகிதம் இன்று 1.06 அளவில் இருக்கிறது. கண்டங்களின் பழைய பாறைகளில் ரீனியம் சிதைந்து ஆஸ்மியம்-187 சேர்ந்துகொண்டே இருப்பதால் ஆறுகள் கொண்டுவருவதில் இந்த விகிதம் அதிகம். பூமியின் உள்ளிருந்து வருவதிலும் விண்கல்லிலும் அது 0.13 பக்கம்தான். இரண்டும் எந்த அளவில் கலக்கிறதோ அதற்கேற்பக் கடலின் விகிதம் காலம் தோறும் ஏறி இறங்கியிருக்கிறது. 6.6 கோடி வருடத்துக்கு முன்னால் அந்தப் பெரிய விண்கல் விழுந்தபோது ஒரேயடியாகக் கீழே போனது, இயோசீன் முடிகிற 3.4 கோடி வருடப் பக்கம் இன்னொரு பள்ளம். கடலடிச் சேற்றிலிருந்து இந்த வளைகோட்டைக் கடந்த 8 கோடி வருடத்துக்கு வரைந்து வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு வசதி, ஆஸ்மியம் கடலில் பல்லாயிரம் வருடம் தங்கும், கடல் முழுக்க ஒரு சுற்று கலந்து வர ஆயிரம், இரண்டாயிரம் வருடம் போதும், ஆகவே எந்தப் பெருங்கடலில் எடுத்தாலும் ஒரே விகிதம். பெரிலியத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அது சீக்கிரம் படிந்துவிடும். ஆற்று வரத்து கூடிய அட்லாண்டிக்கில் அதன் விகிதம் பசிபிக்கில் இருப்பதில் பாதிதான்.

இனி கதைக்கு வருகிறேன். நடு பசிபிக்கில் எடுத்த சிடி29-2 என்றொரு பொருக்கு, உலகத்தில் அதிகமாகச் சுரண்டி ஆராயப்பட்ட துண்டுகளில் அதுவும் ஒன்று. 10 செ.மீ. சொச்சம் தடிமன். கோபால்ட் கணக்கில் அதன் அடி 5 கோடி வருடம் என்று வைத்து, அதை நம்பிக் கடல் நீரோட்டம் எப்படி மாறியது, ஈயம் எங்கிருந்து வந்தது, நியோடிமியம் எங்கிருந்து வந்தது என்று வரிசையாக ஆய்வுகள் வந்தன. 2005-இல் கிளெம் குழுவினர் அதே துண்டில் அடுக்கடுக்காக ஆஸ்மியம் அளந்தார்கள். பொருத்திப் பார்த்தால் அடி 7 கோடி வருடத்துக்கும் முன்னால் போகிறது. வேடிக்கை என்னவென்றால், வளர்ந்த காலங்களில் வளர்ச்சி வேகம் என்று கோபால்ட் சொன்னது ஏறக்குறைய ஒத்துப்போனது! தப்பாகிப்போனது வயதுதான். நடுவில் 4.7 கோடி வருடத்திலிருந்து 1.35 கோடி வருடம் வரைக்கும் உரிய அடுக்கே துண்டில் இல்லை. மூன்றே கால் கோடி வருடத்துக்கு மேல் காணோம், மேலும் கீழும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மணியண்ணா, உங்கள் 2011 இதுதான்.

பாய்லர்மணி:

படித்ததும் சிரித்துவிட்டேன். சரி, அந்த மூன்றே கால் கோடி வருடம் வளராமல் நின்றதா, இல்லை வளர்ந்து அப்புறம் தேய்ந்து போனதா? பாய்லரில் இந்த இரண்டும் வேறு வேறு கோளாறு, வைத்தியமும் வேறு.

படியூர்க்காரன்:

ஆஸ்மியம் அதைச் சொல்லாது. "நின்றது அல்லது அரிக்கப்பட்டது" என்றுதான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள். நீரோட்டம் வலுத்தால் பொருக்கு பெயர்ந்தோ தேய்ந்தோ போகலாம், நீரோட்டம் தளர்ந்தால் சேறு வந்து மூடி வளர்ச்சியை நிறுத்திவிடலாம். நேர்மாறான இரண்டு காரணம், துண்டில் விளைவு ஒன்று. துண்டை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அந்த இடத்தில் அடுக்குகள் வெட்டுப்பட்டு நிற்கின்றனவா, களிமண் புகுந்திருக்கிறதா என்று கண்ணால்தான் துப்புப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்பேன், எண் கொடுக்கிற கருவி கைக்கு வந்துவிட்டால் கண்ணால் பார்ப்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

கோபி_வாத்தியார்:

அருமையாகப் போகிறது. பெரிலியம் பக்கத்தில் எனக்கு ஒன்று சேர்க்க இருக்கிறது. பழைய கட்டுரைகளில் பெரிலியம்-10-இன் அரை ஆயுட்காலம் 15 லட்சம் வருடம் என்றே போட்டிருக்கும், 15.1 லட்சம் என்பார்கள். 2010-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளந்து 13.87 லட்சம் என்று நிலைநிறுத்தினார்கள். கடலில் ஒன்றும் மாறவில்லை, துண்டும் மாறவில்லை, ஆனால் அதற்கு முன் பெரிலியத்தால் போட்ட வயதெல்லாம் 8 சதவீதம் சுருங்கியது, ஒரு கோடி என்றது 92 லட்சம் ஆனது. சாராபாய், பாபா காலத்திலிருந்தே இதில் நம்மவர்கள் கை உண்டு என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்: பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த பெர்னார்ட் பீட்டர்ஸ் 1955-இலேயே பூமியில் பெரிலியம்-10 இருக்கும், காலம் அளக்க உதவும் என்று எழுதினார், சோமயாஜுலு 1967-இல் ஒரு மாங்கனீஸ் முடிச்சில் (ஆழ்கடல் தரையில் உருண்டையாகக் கிடக்கிற படிவு) பெரிலியம்-10 இருப்பதைக் காட்டினார். அப்போதெல்லாம் சிதைவு நடக்கும்வரை காத்திருந்து எண்ண வேண்டும். 13.9 லட்சம் வருடத்தில் பாதி சிதைகிற பொருளுக்குக் காத்திருப்பது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது முடுக்கி நிறை நிறமாலைமானியில் அணுக்களையே நேரடியாக எண்ணிவிடுகிறார்கள், டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையத்தில்கூட அந்த வசதி இருக்கிறது.

பீளமேட்டுப்_பொடியன்:

சூப்பர்நோவா சமாச்சாரத்தை யாரும் சொல்லவில்லையே! 237கேடி என்ற பசிபிக் பொருக்கில் இரும்பு-60 கிடைத்தது, 2004-இல் மியூனிக் குழு வெளியிட்டது. இரும்பு-60 அரை ஆயுட்காலம் 26 லட்சம் வருடம், பூமி பிறந்தபோது இருந்தது எல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும், ஆகவே குறிப்பிட்ட அடுக்கில் அது இருந்தால் பக்கத்தில் எங்கோ வெடித்த நட்சத்திரத்தின் தூசிதான். 20 முதல் 30 லட்சம் வருடத்துக்கு முன்னால் என்று கணக்கு வந்தது, பிற்பாடு வேறு பொருக்குகளில் 70 லட்சம் வருடப் பக்கம் இன்னொரு வரவும் தெரிந்தது. அந்த வருடங்களை எதை வைத்துச் சொன்னார்கள்? இதே பெரிலியம்-10 வைத்துத்தான். அது எட்டு சதவீதம் நகர்ந்தால் நட்சத்திரமும் நகரும்!

இன்னொன்று, 2025 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வுக்குழு வெளியிட்டது. பசிபிக் பொருக்குகளில் ஒரு கோடி வருட அடுக்கில் பெரிலியம்-10 இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறதாம். அண்டார்டிகாவைச் சுற்றி நீரோட்டம் மாறியதாலா, காஸ்மிக் கதிர் கூடியதாலா என்று தெளிவில்லை. எனக்குத் தோன்றுவது, கடிகாரமே அந்த இடத்தில் துள்ளியிருக்கிறது என்றால் அந்த வயதுப் பகுதியில் போட்ட வேகமெல்லாம் மறுபடி பார்க்க வேண்டுமே?

ஈரோடு_கெமிஸ்ட்ரி:

பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் துள்ளல் எல்லாப் பெருங்கடல்களிலும் இருந்தால் தொல்லையாக இல்லாமல் அடையாளக் கல்லாகிவிடும். எந்தத் துண்டில் அது தெரிந்தாலும் அங்கே ஒரு கோடி வருடம் என்று குறித்துக்கொள்ளலாம். பசிபிக்கில் மட்டும் இருந்தால் நீரோட்டம்தான் காரணம் என்று ஆகும். அட்லாண்டிக் துண்டுகளை அளக்கும்வரை பொறுங்கள் கண்ணு.

படியூர்க்காரன்:

பெரிலியத்தைத் தொடாமலே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, காந்தம். பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் திரும்பியது 7.7 லட்சம் வருடத்துக்கு முன்னால், அதற்கு முன்னால் திரும்பிய தேதிகளும் தெரியும். பொருக்கில் படிகிற நுண்ணிய காந்தத் துகள்கள் அந்தந்தக் காலத் திசையைப் பதிந்து வைத்திருக்கும். சிக்கல் என்னவென்றால் 7.7 லட்சம் வருடம் என்பது துண்டில் மூன்று, நான்கு மி.மீ. கூட இருக்காது. ஜப்பானியர்கள் வடமேற்கு பசிபிக்கின் டக்குயோ-டைகோ மலையில் எடுத்த துண்டை மெல்லிசாக அறுத்து, ஸ்குவிட் என்கிற காந்த நுண்ணோக்கியில் வைத்து, ஒரு மி.மீ.க்கும் குறைவான பட்டைகளாக மாறி மாறி வருவதைப் படித்தார்கள், 2011-இல் வெளிவந்தது. வேகம் 10 லட்சத்துக்கு 5.1 மி.மீ., அதே துண்டில் பெரிலியம் கொடுத்தது 6-ஐ ஒட்டி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கடிகாரம் இவ்வளவு பக்கத்தில் வருவது சாதாரண விஷயமில்லை. பொடியன் முன்னால் கேட்ட "எல்லாம் குத்துமதிப்பா"வுக்கு என் பதில் இதுதான், ஒரு கோடி வருடம் வரைக்கும் குத்துமதிப்பு இல்லை, அதற்குக் கீழே ஆஸ்மியம் அளக்காமல் ஒரே எண்ணாக வயது சொல்லியிருந்தால் நான் ஏற்க மாட்டேன்.

கரூர்_பஸ்பாடி:

எல்லாம் சரிங்க, ஒரு சாதாரணக் கேள்வி. பேட்டரிக்குக் கோபால்ட் வேண்டும் என்று போகிறார்கள், வயது ஒரு கோடியா ஏழு கோடியா என்பதில் அவர்களுக்கு என்ன? டன்னுக்கு எவ்வளவு தேறும் என்று பார்த்தால் போதாதா?

ஈரோடு_கெமிஸ்ட்ரி:

வேகமும் கோபால்ட்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம் தம்பி. எந்த மலையில், எந்த ஆழத்தில் மெதுவாக வளர்கிறதோ அங்கேதான் கோபால்ட் செறிவு. தடிமனான இடமாகப் பார்த்துப் போனால் வேகமாக வளர்ந்த சப்பைப் பொருக்கு மாட்டலாம். அப்புறம் இன்னொன்று, 5 செ.மீ. பொருக்கைப் பெயர்த்து எடுத்துவிட்டால் அது மறுபடி வர 10 லட்சத்துக்கு 2.5 மி.மீ. வேகத்தில் 2 கோடி வருடம். மரம் வெட்டினால் நட்டுக்கொள்ளலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. அந்த வெற்றுப் பாறையில் ஒட்டி வாழ்கிற பஞ்சுயிரியும் பவளமும் தனிக் கணக்கு.

கோபி_வாத்தியார்:

இலங்கையும் அந்த மலை தன் கண்டத்திட்டு நீட்சிக்குள் வருகிறது என்று உரிமை கேட்கிறது, அதனால் நம் விண்ணப்பம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. அந்த அரசியல் வேறு இழையில் பேசிக்கொள்ளலாம், இங்கே வேண்டாம். எனக்கு வகுப்புக்கு ஒரு கணக்கு வேண்டும். இடைவெளி இருந்தால் கண்டுபிடிக்கிற மாதிரி, மணி சொன்ன விஷயம் பிள்ளைகளுக்குப் படுகிற மாதிரி.

படியூர்க்காரன்:

இதோ சார், கற்பனை எண்கள்தான், ஆனால் நிஜ அளவில் இருக்கும். மேற்பரப்பில் பெரிலியம்-10க்கும் 9க்கும் உள்ள விகிதத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள் (நிஜத்தில் பசிபிக்கில் அது கோடியில் ஒரு பங்கு). 3.5 மி.மீ. ஆழத்தில் 0.5, 7 மி.மீ.இல் 0.25, 10.5 மி.மீ.இல் 0.125. 3.5-ஐ 13.9 லட்சத்தால் வகுத்தால் 10 லட்சத்துக்கு 2.5 மி.மீ. வரும், அது சுலபம். இப்போது 14 மி.மீ.இல் 0.0625 என்று எதிர்பார்ப்பார்கள், நீங்கள் 0.03125 என்று கொடுங்கள். 17.5 மி.மீ.இல் 0.0156. மடக்கை அளவில் புள்ளி வைத்துக் கோடு போட்டால் மேலேயும் கீழேயும் சரிவு ஒன்றுதான், நடுவில் மட்டும் ஒரு படி கீழே இறங்கியிருக்கும். அந்தப் படியின் உயரம் ஓர் அரை ஆயுள், ஆக 13.9 லட்சம் வருடம் காணாமல் போயிருக்கிறது. எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து ஒரே நேர்கோடாக இழுத்துவிடுகிற பிள்ளைக்கு 2.1 மி.மீ. பக்கம் ஒரு தப்பான வேகமும் இடைவெளியே இல்லாத பொருக்கும் கிடைக்கும். அதே இடைவெளியைக் கோபால்ட் வைத்துப் பார்க்கச் சொன்னால் ஒன்றுமே தெரியாது, ஏனென்றால் மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் சதவீதம் ஒன்றாகவே இருக்கும்.

துண்டிலிருந்து மாதிரி எடுப்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சின்ன டிரில் வைத்து மேலிருந்து அரை மி.மீ. அரை மி.மீ.ஆகப் பொடியைச் சீவி எடுப்பார்கள். அரை மி.மீ. என்றாலே 2 லட்சம் வருடம் ஒன்றாகக் கலந்த பொடி. மேற்பரப்பு முண்டு முண்டாக இருக்கிறது என்றேனே, தட்டையாகச் சீவினால் ஒரு முண்டின் உச்சியில் பழையதும் பக்கத்துப் பள்ளத்தில் புதியதும் சேர்ந்து வரும். அதனால் முண்டின் வளைவைப் பார்த்து, அடுக்கு நேராகப் போகிற இடமாகத் தேடிப் பிடித்துச் சீவுகிறார்கள். எண் எவ்வளவு சுத்தமாக வரும் என்பதில் பாதி அந்த டிரில் பிடிக்கிற கையில் இருக்கிறது.

பாய்லர்மணி:

டியூப் அறுக்கிற எங்கள் வெல்டரைச் சொல்லி அனுப்பட்டுமா?

கோபி_வாத்தியார்:

அனுப்புங்க, ஆனால் ஆசிட் இல்லாமல் வரச் சொல்லுங்க. இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், மெத்த நன்றி. ஒரே தொல்லை, மடக்கை வரைதாள் எங்கள் ஊர்க் கடையில் கிடைப்பதில்லை, சாதாரண கிராப் தாள்தான் இருக்கிறது.

பீளமேட்டுப்_பொடியன்:

சார், ஏ4 அளவில் செமி-லாக் தாள் ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன், பிடிஎஃப் ஆகவே போடுகிறேன், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். நெட்டச்சு 1-இலிருந்து 0.001 வரை, மூன்று சுற்று. கிடையச்சு 0-இலிருந்து 20 மி.மீ. உங்கள் பள்ளி பிரிண்டர் ஓரத்தை வெட்டுமென்றால் சொல்லுங்கள், இடம் விட்டு மாற்றித் தருகிறேன்.